முட்டி மேடம் சொன்ன "பார்க்கலாம்"

அவளுடைய வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போடுவது அவள் வீட்டுக்காரரான மாஸ்டரின் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை நாலாக மடித்து விரிப்பார். பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, வலது காலை எதிர் நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முதலில் காலர், அப்புறம் தோள், அப்புறம் கை. மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற மாதிரிதான் கோட்டையும் நிறுத்துவார். ஒரு சுருக்கம் இடம் மாறி ஓடினால், "எங்கடா போறே, நில்லு" என்று அதனிடமே சொல்வார்.

முட்டி கெட்டுப்போன பிறகு, உட்கார்ந்து செய்கிற வேலையெல்லாம் அவர் பக்கம் போய்விட்டது. காய் நறுக்குவது, துணி மடிப்பது, இஸ்திரி. நின்று செய்வதும் குனிந்து செய்வதும் அவள் பக்கம் வந்தன. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரிக்கவில்லை. அதுவாகவே அப்படி ஒதுங்கிக்கொண்டது.

"எப்படி இருக்காங்க நம்ம ஆளுங்க?" என்றார், பெட்டியை ஓட்டியபடி.

"யாரு?"

"அதான், உங்க டப்பாவுக்குள்ள வளர்றாங்களே."

"இருக்காங்க, இருக்காங்க." அவள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். "காலைத் தூக்குங்க."

"ஏற்கெனவே தூக்கித்தான் வச்சிருக்கேன்."

"இன்னொரு காலை."

இடது காலையும் தூக்கினார். இரண்டு காலும் தரையில் படாமல், கையில் சூடான இஸ்திரிப் பெட்டியோடு ஒரு ஆள் ஸ்டூலில் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்துத்தான் கேட்டார். எப்போதும் அவள் சிரிக்கிற சமயமாகப் பார்த்துத்தான் கேட்பார்.

"எனக்குன்னு ஒண்ணு எப்போ வளர்க்கப் போறே?"

அவள் துணியைப் பக்கெட்டில் முக்கிப் பிழிந்தாள். தேவைக்கு மேல் ஒரு தடவை பிழிந்தாள்.

தெருவில் அவளுக்கு முட்டி மேடம் என்று பெயர். யார் வைத்தது என்று தெரியவில்லை. கீழ் வீட்டுத் தையல்காரராக இருக்கலாம். அவருக்கு வாய் அதிகம். அவள் படித்தது என்னவோ தாவரவியல். படிப்பு முடிந்ததும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தப் போனவள், அங்கேயே பல வருஷம் குத்திக்கொண்டிருந்தாள். அப்புறம் எலும்பு ஆஸ்பத்திரிக்காரர்கள் மாடியில் புதிதாக ஒரு லேப் திறந்து ஆள் தேடினார்கள். காலேஜில் கண்ணாடிக் குப்பிக்குள் வாழைக்கன்று வளர்த்த பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றாள். வேலை கிடைத்துவிட்டது.

"வாழைக்கும் மனுஷன் முட்டிக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று அன்றைக்கு மாஸ்டர் கேட்டார்.

"கை சுத்தமா இல்லைன்னா ரெண்டுலயும் பூஞ்சை பிடிக்கும்."

வேலை இதுதான். மூட்டுக்குள் எலும்பு முனைகளின் மேல் வழுவழுவென்று ஒரு போர்வை இருக்கிறது. குருத்தெலும்பு. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது; அதனால் அடிபட்டுப் பெயர்ந்தால் பெயர்ந்ததுதான். தோல் ஆறுகிற மாதிரி, எலும்பு கூடுகிற மாதிரி அது கூடாது. பந்தாட்டத்தில் விழுந்தவர்கள், வண்டியிலிருந்து விழுந்தவர்கள், சின்ன வயசுக்காரர்கள், இவர்களுக்கு முட்டியில் ஒரு காசு அகலத்துக்குக் குழி விழுந்திருக்கும். மூட்டின் ஓரத்தில் பாரம் விழாத இடத்திலிருந்து, பெரிய டாக்டர் நகக்கண் அளவுக்கு ஒரு துணுக்கை வெட்டி மாடிக்கு அனுப்புவார். அவள் அதைக் கரைத்து, உள்ளே இருக்கிற உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, தட்டையான குப்பிகளில் இளஞ்சிவப்புத் தண்ணீரில் விட்டு, உடம்புச் சூட்டிலேயே இருக்கிற பெட்டிக்குள் வைப்பாள். அதற்கப்புறம் பிள்ளை வளர்க்கிற கதைதான். வேளைக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். நெருக்கமானால் பிரித்து வேறு குப்பிக்கு மாற்ற வேண்டும். ரொம்ப நாள் தட்டைக் குப்பியிலேயே கிடந்தால் அவை நீண்டு படுத்துக்கொண்டு, தாங்கள் யார் என்பதையே மறந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு பஞ்சுத் துண்டுக்குள் ஏற்றிவிட்டால் மறுபடியும் உருண்டு திரண்டு சொந்தக் குணத்துக்குத் திரும்பும். அந்தப் பஞ்சைத்தான் டாக்டர் குழியின் அளவுக்கு வெட்டிப் பசை போட்டு ஒட்டுவார்.

எந்தக் குப்பி எந்தக் கால் என்று அவளுக்குத் தெரியாது. எண் மட்டும்தான். பெட்டி கட்டிக் கீழே அனுப்பிவிட்டால், ஒட்டியதா, அந்தப் பிள்ளை ஓடியதா என்று மாடிக்கு யாரும் வந்து சொல்வதும் கிடையாது.

இதையெல்லாம் ஒரு தடவை தையல்காரரிடம் ஆர்வக்கோளாறில் சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து மாடிப்படியில் அவளைப் பார்ப்பவர்கள் எல்லாம் முழங்காலைத் தடவ ஆரம்பித்தார்கள்.

"முட்டி மேடம், எனக்கு ஒரு ஜோடி சொல்லி வைங்க. மிஷின் மிதிச்சே போச்சு ரெண்டும்."

"அளவு கொடுத்துட்டுப் போங்க, தைச்சு வைக்கறேன்."

"லூசா இருக்கட்டும். வயசாக ஆக ஊதும்."

தையல்காரரோடு இப்படிப் பேசிச் சிரித்துவிட்டுப் படியேறிவிடலாம். வீட்டுக்குள் போனால் அங்கே ஒருவர் சிரிக்காமல் கேட்பதற்கு உட்கார்ந்திருந்தார்.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டர். வாலிபால்காரர். எம்பிக் குதித்து, மேலே ஒரு நொடி நின்று, பந்தை அடிப்பார். நிற்கத்தான் செய்வார் என்று பார்த்தவர்கள் சத்தியம் பண்ணுவார்கள். அப்படிக் குதித்துக் குதித்து இறங்கிய கால் ஐம்பது தாண்டியதும் தேய்ந்துவிட்டது. குழி கிழி ஒன்றும் இல்லை. மேல் எலும்பு, கீழ் எலும்பு, இரண்டிலும் போர்வையே இல்லை. மைதானத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விசிலை ஊதிக்கொண்டு, "ஓடி வந்து எம்பணும்டா, எம்பணும்" என்று வாயாலேயே குதித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். அவர் கை எவ்வளவு உயரத்துக்குப் போகிறதோ அவ்வளவு உயரத்துக்கு எம்பினார்கள். உட்கார்ந்திருப்பவர் கை எவ்வளவு உயரம் போகும்?

தலைமையாசிரியை நேராகவே சொல்லிவிட்டார்: இந்தப் பெரிய லீவுக்குள் காலைச் சரி பண்ணிக்கொண்டு நடந்து வந்தால் மைதானம் அவருக்கு, இல்லையென்றால் வேறு ஆள் போட்டுவிட்டு அவரை நூலகத்துக்கு மாற்றிவிடுவார்கள். "லைப்ரரி நிழலா இருக்கும் மாஸ்டர்" என்று சொன்னாராம். நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே கீழ்த்தளத்தில் இருக்கிற இன்னொரு டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, செயற்கை முட்டி வைத்துவிடலாம், லீவு தொடங்கியதும் வாருங்கள் என்று தேதியும் கொடுத்துவிட்டார். உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த முட்டி. மாஸ்டர் அதற்கு இரும்பு என்று பேர் வைத்தார். இரும்பு வைத்தால் நடக்கலாம், படியேறலாம், வலி போய்விடும். குதிக்கத்தான் கூடாது.

சிக்கல் அங்கே ஆரம்பிக்கவில்லை. அதற்கு முன்னாலேயே, முதல் ஸ்கேன் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பின அன்றைக்கு ஆரம்பித்தது. காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி எழுந்து மாஸ்டருக்கு இடம் கொடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தார். அந்தப் பெண்ணும் அவளும் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச தூரம் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தவர், தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"நீ வளர்க்கறியே, அது எனக்கு ஆகுமா?"

ஆகாது என்று அவளுக்குத் தெரியும். குழி என்றால் சுற்றி நல்ல ஓரம் இருக்கும். பஞ்சு அந்த ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். இவருக்கு ஓரமே கிடையாது. வயசும் தாண்டிவிட்டது. ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு, அந்தக் காலேஜ் பெண் பக்கத்திலேயே இருக்கும்போது, இதை எப்படிச் சொல்வது? "பார்க்கலாம்" என்றாள்.

அவர்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. மகள் சின்னவளாக இருக்கும்போதே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அம்மா பார்க்கலாம் என்றால் கிடையாது என்று அர்த்தம். அப்பா பார்க்கலாம் என்றால் செருப்பைப் போடு, கடைக்குக் கிளம்பு என்று அர்த்தம். அதனால் சைக்கிள் வேண்டுமென்றாலும் சுற்றுலா போக வேண்டுமென்றாலும் அவள் அம்மாவைச் சுற்றிக்கொண்டு நேராக அப்பாவிடம் போய்விடுவாள். இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள், இன்னும் போனில், "அம்மா பார்க்கலாமா, அப்பா பார்க்கலாமா?" என்று கேட்டுத்தான் நம்புவாள்.

பஸ்ஸில் அவள் சொன்னது அம்மா பார்க்கலாம். அவர் காதில் விழுந்தது அப்பா பார்க்கலாம்.

அவள் சரிபண்ணப் பார்க்காமல் இல்லை. ஒரு நாள் பழைய போர்வையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். "இதைப் பாருங்க. கிழிஞ்சிருந்தா ஒட்டுப் போடலாம். இது முழுக்க நைஞ்சு போச்சு. தையல் எதைப் பிடிச்சுக்கும்?"

மாஸ்டர் போர்வையைக் கையில் வாங்கி யோசித்தார். "அடியில இன்னொரு துணி வச்சு, ரெண்டையும் சேர்த்துத் தைக்கிறதில்லையா?"

இன்னொரு நாள் சுவரைச் சொன்னாள், பூச்சு முழுக்க உதிர்ந்த சுவர். கம்பி வலை அடித்துப் பூசுவார்களே என்றார். அவள் எந்த உவமையைச் சொன்னாலும் அதில் ஒரு சந்து இருந்தது. அவர் முட்டியோடு அந்தச் சந்தில் நுழைந்து போய்விட்டார்.

"பேரே குருத்துதானே?" என்றார் ஒரு தடவை, கிட்டத்தட்டக் கோபமாக. "குருத்துன்னா வளர்றதுக்குப் பேரு. நான் பசங்களுக்கு அப்படித்தான் பாடம் எடுத்திருக்கேன்."

"பேருதாங்க குருத்து. உடம்பிலேயே திரும்ப வளராதது அதுதான்."

"நீ மட்டும் எப்படி வளர்க்கறே?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. நீளமான பதில். சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து போய் இரண்டு டம்ளர் காபி கலந்துகொண்டு வந்தார், நொண்டிக்கொண்டே. அந்த நடையைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

இஸ்திரி போட்ட அந்தக் கோட்டைத் திங்கட்கிழமை மாட்டிக்கொண்டு போனாள். அது தாழ்வாரம் வரைக்கும்தான். உள்ளே போகும்போது கோட்டைக் கழற்றி, கடிகாரம் தோடு எல்லாம் கழற்றி, தலை முதல் கால் வரைக்கும் வேறு உடுப்பு. அன்றைக்கு ஒரு குப்பியைப் பஞ்சில் ஏற்ற வேண்டிய நாள். அதைக் கொண்டுபோகிற ஆள் மதியம் வந்துவிடுவான். ஹூட் என்று அவர்கள் சொல்கிற காற்றடிக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பஞ்சு திறந்து கிடந்தது. ஒவ்வொரு சொட்டாக இறக்க வேண்டும். நடுவில் கையை வெளியே எடுத்தால் அத்தனையும் பாழ்.

தாழ்வாரப் பக்கம் ஒரு கண்ணாடிச் சுவர் உண்டு. வந்து போகிற பெரிய மனிதர்களுக்குக் காட்டுவதற்காக வைத்தது. அங்கே ஏதோ அசைந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். நீல டிராக் சூட், கக்கத்தில் பெரிய ஸ்கேன் கவர். லிஃப்டில் வந்தாரோ படியேறி வந்தாரோ, முகம் வேர்த்திருந்தது. இத்தனை முக்காடும் முகமூடியும் போட்டவர்களில் எது தன் மனைவி என்று எப்படித்தான் தெரிந்ததோ, நேராக அவளைப் பார்த்துச் சிரித்தார். கவரைத் தட்டிக் காட்டினார். கீழே விரலைக் காட்டினார். பெரிய டாக்டர் அறை ஒரு மாடி கீழேதான். அப்புறம் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு முன்னங்கையையும் ஒன்றைச் சுற்றி ஒன்றாக உருட்டினார்.

அது அவளுக்குத் தெரிந்த சைகை. கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் ஆட்டம் பார்க்கப் போய்க் கற்றுக்கொண்டது. ஆள் மாற்றம். பழைய ஆள் வெளியே, புது ஆள் உள்ளே.

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று ஆட்டினாள். போகாதீங்க, நான் வரேன், நில்லுங்க, எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டினாள். கையைத் தூக்க முடியாது. வாய் முகமூடிக்குள் இருந்தது. கத்தினாலும் அந்தக் கண்ணாடியைத் தாண்டாது. அவர் உதட்டில் விரல் வைத்து, சரி சரி, தொந்தரவு பண்ணலை, வேலையைப் பாரு என்று காட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே போனார். கண்ணாடிச் சுவர் முடிகிற வரைக்கும் அந்த நடை தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

அவள் அடுத்த சொட்டை இறக்கினாள். அதற்கடுத்த சொட்டையும். யாரோ ஒரு பிள்ளையின் கால் அங்கே திறந்து கிடக்கும்போது வேறென்ன செய்ய முடியும்?

பஞ்சை மூடிப் பெட்டியில் வைத்து ஜன்னல் வழியாகக் கொடுத்த பிறகு, குப்பியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எப்போதும் இருக்கும். ஒருவருடையதை இன்னொருவருக்குப் போடக் கூடாது; மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்பது முறை. பிளீச்சை ஊற்றினாள். இளஞ்சிவப்பு மெல்ல வெளுத்துத் தண்ணீராகிப்போனது. "மிச்சம் மீதி இருந்தா எனக்குக் கொஞ்சம் எடுத்துட்டு வாயேன்" என்று ஒரு நாள் அவர் கிண்டலாகக் கேட்டது நினைவுக்கு வந்தது. கிண்டல்தானா என்று இப்போது சந்தேகமாக இருந்தது.

உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கீழே ஓடினாள். வரவேற்பில் இருந்த பெண், "மாஸ்டர் அப்பவே கிளம்பிட்டாரே மேடம். செம குஷியாப் போனாரு" என்றாள். பெரிய டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு லிஃப்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் வந்திருந்தாரும்மா. நல்ல மனுஷன்."

"படம் பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன். ரெண்டு பக்கமும் எலும்பு தெரியுது. ஒட்ட ஓரமே இல்லையே. உங்களுக்குத் தெரியாததா?"

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

டாக்டர் லிஃப்ட் பொத்தானை மறுபடியும் ஒரு தடவை அழுத்தினார். "எங்க மிஸஸ் பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்கன்னார். நம்ம ஸ்டாஃபோட வீட்டுக்காரர். முகத்துக்கு நேரா இல்லைன்னு எப்படிம்மா சொல்றது? நானும் சரி பார்க்கலாம்னு சொல்லி அனுப்பிட்டேன். வீட்ல நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க. நான் சொல்றதைவிட நீங்க சொன்னா எடுத்துப்பார்."

லிஃப்ட் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். பார்க்கலாம் என்பது அந்த ஆஸ்பத்திரியிலும் அம்மா பார்க்கலாம்தான். அதைக் கேட்டுக்கொண்டு போனவருக்கு அது தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மேஜையில் போர்வை விரித்திருந்தது. திங்கட்கிழமையில் இஸ்திரி வழக்கமில்லை. மாஸ்டர் தன்னுடைய பழைய ஜெர்சியைப் பரப்பி வைத்துக்கொண்டிருந்தார். சிவப்பு வெளுத்து, முதுகில் எண் உரிந்துபோன ஜெர்சி.

"வா வா. கண்ணாடிக்குள்ள பார்த்தா நிலாவுக்குப் போறவ மாதிரி இருக்கே. கண்ணை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

"ஏன் சொல்லாம வந்தீங்க?"

"சொன்னா நீ இழுப்பே. உனக்கு ஒருத்தர்கிட்ட போய்க் கேட்கறதுன்னாலே கூச்சம். அதான் நானே போயிட்டேன்." குரலைத் தாழ்த்தினார், யாருக்கோ கேட்டுவிடும் போல. "பெரிய டாக்டரே பார்க்கலாம்னுட்டார்!"

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"வர்ற வழியில கீழ்த்தளத்துக்கும் போயிட்டு வந்தேன்" என்றார். "இரும்பு வேண்டாம், வேற ஆளுக்கு அந்தத் தேதியைக் கொடுத்துடுங்கன்னேன். தேதி எழுதற பொண்ணு சிரிச்சுக்கிட்டே என் பேரை எடுத்துவிட்டுடுச்சு. வரிசையில எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா? பாவம், யாருக்காவது உபயோகமாகட்டும்."

அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும். லீவு முடிந்து, பள்ளிக்கூடம் திறந்து, மைதானத்தில் வேறொருவர் விசில் ஊதத் தொடங்கிய பிறகும் நீளும். அவள் எதிர் நாற்காலியில், அவர் கால் வைக்கிற நாற்காலியில், உட்கார்ந்தாள். அவர் காலைக் கீழே இறக்கி இடம் கொடுத்தார்.

இந்தத் தடவை போர்வை, சுவர் எதையும் சொல்லவில்லை.

"உங்களுக்கு அது ஆகாதுங்க."

"டாக்டரே..."

"டாக்டருக்கும் தெரியும். உங்க முகத்துக்கு நேரா சொல்ல முடியாம அப்படிச் சொல்லியிருக்கார். என்னைச் சொல்லச் சொன்னார். ஆகாது."

பெட்டி ஜெர்சியின் மேல் அசையாமல் நின்றது. அவள் கை நீட்டி அதை நிமிர்த்தி வைத்தாள். சிவப்பில் லேசாக ஒரு முக்கோணம் சூட்டில் பழுப்பேறியிருந்தது.

"ஓரம் இல்லைங்கிறே" என்றார். "அந்த ஓரத்தையும் சேர்த்தே வளர்க்கக் கூடாதா? முழுசா?"

"அதைத்தான் உலகம் பூரா பார்த்துக்கிட்டு இருக்காங்க. இன்னும் யாருக்கும் சரியா வரலை."

"வரும்ல?"

"வரும். வரலாம். உங்க லீவுக்குள்ள வராது."

"பாதி?"

"பாதின்னு ஒண்ணும் இல்லைங்க."

தலையை ஆட்டினார். ஆட்டத்தில் நடுவர் தப்பாகத் தீர்ப்புச் சொன்னால்கூட எதிர்த்துப் பேச மாட்டார். இப்படித்தான் தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போவார். அவள் அதற்காகவே அவரைக் கட்டிக்கொண்டவள். இன்றைக்கு அவர் கொஞ்சம் சண்டை போட்டால் தேவலை என்று இருந்தது.

"அப்போ அன்னைக்கு பஸ்ல பார்க்கலாம்னு ஏன் சொன்னே?"

"நான் பார்க்கலாம்னா என்ன அர்த்தம்னு இந்த வீட்ல எல்லாருக்கும் தெரியும். நம்ம பொண்ணைக் கேளுங்க."

"அது சைக்கிளுக்கு" என்றார். "இது என் கால் இல்லையா?"

கீழே தையல்காரர் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் ஓடியது. அவளுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. பஸ்ஸில் அந்தப் பெண் பக்கத்தில் நின்றாள், உங்க முகத்தைப் பார்த்தேன், எனக்கு வாய் வரவில்லை. எதைச் சொன்னாலும் அது அவருடைய முட்டிக்குப் பதில் ஆகாது. மாடியில் யார் யாருடைய காலையோ அவள் கையால் வளர்த்துப் பெட்டி கட்டி அனுப்பியிருக்கிறாள். இந்த ஒரு காலுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா நானே கீழ்த்தளத்துக்குப் போறேன்" என்றாள். "அந்தத் தேதியை இன்னும் யாருக்கும் கொடுக்காம இருந்தா, திரும்ப வாங்கிடட்டுமா?"

மாஸ்டர் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். வயரை இஸ்திரிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி, முனையை மடிப்புக்குள் செருகினார். சூடாக இருக்கும்போது சுற்றக் கூடாது என்று அவளுக்கு எத்தனையோ தடவை சொன்னவர் அவர்தான். ஜெர்சியை மடித்தார், பழுப்பேறிய இடம் உள்ளே போகும்படி, கைகள் இரண்டும் பின்னால் சேரும்படி, விளிம்போடு விளிம்பு.

"என்னங்க, வாங்கட்டுமா?"

மேஜை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார். முட்டி நேராகும் வரைக்கும் ஒரு கணம் நின்றார். ஜெர்சியை மேஜையிலேயே விட்டுவிட்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து, உள் அறைக்குள் போனார்.